இதோ வரேன்

பம்பரம் என்று அவளுக்குப் பெயர் வைத்தது யார் என்று காப்பகத்தில் யாருக்கும் நினைவில்லை. வைத்தவர் யாராக இருந்தாலும் கெட்டிக்காரர். உட்கார்ந்த இடத்தில் முள் குத்துகிற மாதிரி எழுந்துவிடுவாள். ஒரு குழந்தைக்கு மூக்கைத் துடைத்துக்கொண்டே இன்னொன்றின் சட்டைப் பொத்தானை மாட்டுவாள். அதற்குள் ஜன்னல் திரை சரியாக இல்லை என்று கண்ணில் பட்டுவிடும். எழுந்து போவாள். போன இடத்தில் ஒரு பந்து கிடக்கும். அதை எடுத்து வைக்கப் போவாள். திரை அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும்.

இந்தக் குணத்தோடு அவள் வேலைக்கு வந்து சேர்ந்த இடம்தான் வேடிக்கை. அது சாதாரண பாலர் பள்ளி இல்லை. மூன்று வயதுக்குள்ளேயே வாழ்க்கையிடம் வாங்க வேண்டியதை எல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்ட குழந்தைகளுக்கான பகல் காப்பகம். காலையில் வண்டி கொண்டுவந்து விடும், சாயங்காலம் திரும்பக் கொண்டுபோகும். நடுவில் சாப்பாடு, குளியல், தூக்கம், பாட்டு, பேச்சு எல்லாம் இங்கேதான். மூன்று குழந்தைகளுக்கு ஒருத்தி. அந்த ஒருத்தி மாறவே கூடாது. அவளுக்கென்று தரையில் ஒரு பாய். அதில்தான் அவள் உட்கார வேண்டும்.

"குழந்தை விளையாடப் போகும். பாதி வழியில திரும்பிப் பார்க்கும். பார்த்த இடத்துல நீ இருக்கணும். அதுதான் உன் வேலை. மத்ததெல்லாம் அப்புறம்" என்று பெரிய டீச்சர் முதல் நாளே சொல்லியிருந்தார். அவர்தான் காப்பகத்தின் பொறுப்பாளர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். இரண்டாவதாக ஒன்றும் சொல்லியிருந்தார். "சொல்லாம எழுந்து போகாதே. தண்ணி குடிக்கப் போனாலும் குழந்தைகிட்ட சொல்லிட்டுப் போ. திருட்டுத்தனமா நழுவுறது மட்டும் கூடவே கூடாது."

முதல் கட்டளை பம்பரத்துக்குச் சுத்தமாக ஒத்துவரவில்லை. இரண்டாவதை அவள் அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தாள். ஒவ்வொரு தடவை எழும்போதும், "இதோ வரேன் கண்ணு", "ஒரு நிமிஷம், வந்துட்டே இருக்கேன்", "வரேன்டா ராஜா" என்று சொல்லாமல் கால் எடுத்து வைத்ததே இல்லை. எழுவதோ ஓயாமல். சொல்வதும் ஓயாமல்.

அவளுடைய மூன்று குழந்தைகளில் இரண்டு பேர் இதைக் கண்டுகொள்ளவில்லை. மூன்றாவது கட்டெறும்பு.

அவளுக்கு மூன்று வயது முடியப் போகிறது. பார்த்தால் இரண்டுகூடச் சொல்ல முடியாது. பேச்சு வராது. "ம்" என்பதைக்கூட யோசித்துத்தான் செலவழிப்பாள். ஆனால் கடிப்பாள். அழுகை, சிணுங்கல், முன்னறிவிப்பு எதுவும் கிடையாது. பக்கத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருப்பாள், திடீரென்று கையில் சுருக்கென்று இருக்கும். பம்பரத்தின் இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் பல் தடம். "வளையல் வாங்குற செலவு மிச்சம்" என்று சமையல்கார அக்கா சொல்லிச் சிரிப்பாள். பம்பரமும் சிரிப்பாள். குளிக்கும்போது எரியும், அப்போது மட்டும் சிரிப்பு வராது.

குழந்தையின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அப்பா என்று ஒருவன் எப்போதோ காணாமல் போய்விட்டான். அம்மாவுக்கு மனசு சரியில்லாமல் ஆகி, ஒரு நாள் குழந்தையை அறையில் வைத்துக் கதவைப் பூட்டிக்கொண்டு வெளியே போனவள் திரும்பவில்லை. மறுநாள் மத்தியானம் பக்கத்து வீட்டம்மா பூட்டை உடைத்தாள். குழந்தை கதவுக்கு நேராக நின்றுகொண்டிருந்தது. அழவில்லை. பூட்டை உடைத்தவளின் கையைத்தான் முதலில் கடித்தது. அம்மாவை வேறொரு ஊர் பஸ் நிலையத்தில் கண்டுபிடித்தார்கள். தன் பெயரே சொல்லத் தெரியவில்லையாம். ஆஸ்பத்திரியில் பல மாதம் கிடந்தாள். இப்போது தேறிவிட்டாள், மாத்திரை சாப்பிடுகிறாள், ஒரு சலவைக் கடையில் துணி தேய்க்கிறாள். குழந்தை இரவுகளில் அந்தப் பக்கத்து வீட்டம்மாவிடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் காப்பகத்துக்கு வந்து ஒரு மணி நேரம் குழந்தையைப் பார்க்க அம்மாவுக்கு அனுமதி.

பம்பரத்துக்கு ஆரம்பத்தில் அந்த அம்மாவைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். 'பெத்தவளா இவ?' என்று மனசுக்குள் திட்டிக்கொண்டேதான் பாயை விரித்துக் கொடுப்பாள். ஆனால் பார்க்கப் பார்க்கக் கோபம் நிற்கவில்லை. அந்த ஒரு மணி நேரம் கட்டெறும்பு தன் அம்மாவின் புடவைத் தலைப்பை மூக்கில் வைத்து மோந்துகொண்டே கட்டைகளை அடுக்குவாள். ஒரு தடவைகூடக் கடிக்க மாட்டாள். அம்மா கிளம்பும் நேரம் வந்து, 'வரேன்டி' என்று எழுந்ததும்தான் எல்லாம் தலைகீழாகும். கையைக் கடித்து, தரையில் தலையை முட்டி, மூச்சு நின்றுவிடுமோ என்கிற அளவுக்குக் கத்துவாள். அம்மா கடிபட்ட கையைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு வாசல் வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போவாள்.

இதை ஆபீசரம்மா இரண்டு தடவை நேரில் பார்த்துவிட்டார். குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்று சொல்லும் பொறுப்பு அவருடையது. கெட்ட மனுஷி இல்லை. நிறையக் குழந்தைகள், நிறைய வீடுகள், உட்கார நேரமில்லை, அவ்வளவுதான்.

"பாருங்க டீச்சர், ஒவ்வொரு சந்திப்பும் குழந்தையை உலுக்கிப் போடுது. அந்த அம்மா மேல எனக்கு என்ன விரோதம்? ஆனா நான் குழந்தையைத்தான் பார்க்கணும். இன்னும் ஒரு வெள்ளிக்கிழமை பார்க்கிறேன். இதே கதைதான்னா நிறுத்திடலாம். பிள்ளை இல்லாத ஒரு குடும்பம் தயாரா இருக்காங்க. நல்லவங்க. தூரத்து ஊர்."

சந்திப்பு நின்றால் அம்மாவே இல்லாமல் போன மாதிரிதான். அது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் புரிந்தது.

அந்த வாரம் பம்பரத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாதாரணமாகவே குட்டி போட்ட பூனைதான் அவள். இப்போது கேட்கவா வேண்டும்? வீட்டிலும் உலாத்தினாள், காப்பகத்திலும் உலாத்தினாள். ஆபீசரம்மா சொல்வது நியாயம்தானே என்று ஒரு மனசு. அந்தப் புடவைத் தலைப்பை மோந்துகொண்டு உட்கார்ந்திருந்தாளே என்று இன்னொரு மனசு. அவள் அலைய அலைய கட்டெறும்பு கடித்தாள். கடிக்கக் கடிக்க அவள் இன்னும் அலைந்தாள்.

திங்கட்கிழமை அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை. வாய் ஓயாதவளுக்கு அது பெரிய தண்டனை. எழும்போது ஜாடையாகக் கையைக் காட்டிவிட்டுத்தான் போனாள். சாயங்காலம் குழந்தைகளை வண்டி ஏற்றும்போதுதான் கவனித்தாள், அன்றைக்கு ஒரு கடிகூட இல்லை.

"உன் வாய்க்கு லீவு விட்டா பிள்ளைக்கு நிம்மதி போல" என்றாள் சமையல்கார அக்கா. பம்பரத்துக்குச் சுருக்கென்றது. நான் பேசுகிறதுதான் பிடிக்கவில்லையா? என் குரலா? எத்தனை பாட்டு பாடியிருக்கிறேன் உனக்கு, நன்றி கெட்ட கழுதை?

புதன்கிழமை குரல் திரும்பிவிட்டது. இன்றைக்கு ஆனது ஆகட்டும், பாயை விட்டு எழுவதே இல்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். தண்ணீர் பாட்டிலைக்கூடப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். கட்டெறும்பு அவள் மடியில் சாய்ந்து, ஒரு குச்சியில் வளையங்களை மாட்டிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் போன் அடித்தது. குழந்தைகள் இருக்கும்போது போனை அணைத்து வைக்க வேண்டும் என்பது விதி. பம்பரம் விதிகளை எல்லாம் ஒரே நாளில் கடைப்பிடிக்கிற ஜாதி இல்லை.

வீட்டுக்காரர்தான். சாயங்காலம் சீக்கிரம் வர முடியுமா என்று கேட்டார்.

"ஆங், வரேன். வரேன்னு சொன்னேன்ல!"

தொடையில் சுருக்கென்று இறங்கியது. சேலையைத் தாண்டிப் பல் பதிந்தது.

"அம்மாடி! நான் எங்கடி போனேன்? இங்கேயேதானே குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கேன்!" என்று கத்தினாள் பம்பரம். கத்திவிட்டு அப்படியே திகைத்துப்போனாள். உண்மைதானே. அவள் அசையக்கூட இல்லை. எழவில்லை, எழப் பார்க்கவும் இல்லை. வாய் மட்டும்தான் அசைந்தது.

வாசலில் பெரிய டீச்சர் நின்றுகொண்டிருந்தார். போனுக்காகத் திட்டத்தான் வந்திருக்க வேண்டும். திட்டவில்லை.

"இப்ப நீ என்ன சொன்ன?"

"வீட்டுக்காரர்கிட்ட... வரேன்னு..."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த நேரம் பார்த்து சமையல்கட்டிலிருந்து அக்காவின் குரல், "பால் ஆறிடுச்சு, இதோ வரேன்!" கட்டெறும்பின் கை பம்பரத்தின் சேலையை இறுக்கிப் பிடித்தது. வெளியே வண்டிக்காரர் யாருக்கோ சொன்னார், "சரிண்ணே, நான் வரேன்." பிடி இன்னும் இறுகியது. பக்கத்து அறையில் ஒரு குழந்தை அழ, அதைப் பார்த்துக்கொள்கிறவள் சொன்னாள், "வரேன்டா, வரேன்டா செல்லம்."

அன்றைக்குத்தான் அவர்களுக்குக் காது கேட்டது. அந்தக் கட்டடம் முழுக்க அந்த ஒரு சொல்தான் பறந்துகொண்டிருந்தது. வருகிறவளும் வரேன் என்கிறாள், போகிறவளும் வரேன் என்கிறாள். போறேன் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும் என்பது போல நாமெல்லாம் வரேன் சொல்லிப் பழகிவிட்டோம். வளர்ந்தவர்களுக்கு எது எந்த வரேன் என்று தெரியும். கதவுக்கு நேராக ஒரு ராத்திரி முழுக்க நின்ற குழந்தைக்கு ஒரே ஒரு வரேன்தான் தெரியும்.

"சொல்லாம போகாதேன்னு நான்தான் சொன்னேன். என்ன சொல்லிட்டுப் போறதுன்னு யோசிக்கவே இல்லையே" என்றார் பெரிய டீச்சர். பக்கத்தில் கிடந்த குட்டி நாற்காலியில் உட்கார்ந்தார். அது குழந்தைகள் நாற்காலி, கிறீச்சென்றது.

அதற்குப் பிறகு அவர் போட்ட விதி சின்னது. போகும்போது "போறேன்" என்று சொல்ல வேண்டும். திரும்பினால் "வந்துட்டேன்" என்று சொல்ல வேண்டும். "வந்த பிறகு சொல்லிக்கலாம். முன்னாடியே சொல்ல வேண்டாம்."

கேட்க எளிதாகத்தான் இருந்தது. சமையல்கார அக்கா வாயைத் திறந்தாலே "வ" என்றுதான் வந்தது, பாதியில் கடித்து விழுங்கினாள். வண்டிக்காரர் பேசாமல் கும்பிடு போட்டுவிட்டுப் போனார். பம்பரம் வீட்டில் பழகிப் பார்ப்போம் என்று மறுநாள் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு மாமியாரிடம் "போறேன் அத்தை" என்றாள். கிழவிக்கு வந்ததே கோபம். "காலங்கார்த்தால என்ன பேச்சு இது? வாயில நல்ல வார்த்தையே வராதா? என்னடி கோபம் உனக்கு, என் பிள்ளையா, நானா?" அதை விளக்கி முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது.

ஆனால் காப்பகத்தில் அந்தக் கெட்ட வார்த்தை வேலை செய்தது. பாயிலிருந்து எழும்போது பம்பரம் குழந்தையைப் பார்த்துச் சொன்னாள், "அக்கா போறேன்." கட்டெறும்பு அவள் முகத்தையே பார்த்தாள். வாய் திறக்கவில்லை, பல் தெரியவில்லை. பம்பரம் தண்ணீர் குடித்துவிட்டு ஓட்டமாக ஓடிவந்து, "வந்துட்டேன்" என்றாள். குழந்தை அவளை மேலும் கீழும் ஒரு தடவை அளந்துவிட்டு வளையம் மாட்டப் போய்விட்டது. பம்பரத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. அழுதால் மூக்குத் துடைக்க எழ வேண்டும், அதனால் அடக்கிக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே, குழந்தைகளை வண்டி ஏற்றிவிட்டு, பெரிய டீச்சரும் அவளும் சலவைக் கடைக்குப் போனார்கள். அம்மா தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வெளியே வந்தாள். இவர்களைக் கண்டதும் முகம் வெளுத்துவிட்டது. நிறுத்திவிட்டார்கள் என்றே நினைத்திருப்பாள்.

"அன்னைக்கு... பூட்டிட்டுப் போனீங்களே, குழந்தைகிட்ட என்ன சொல்லிட்டுப் போனீங்க?" என்று கேட்டார் பெரிய டீச்சர்.

அம்மா தலைப்பின் நுனியை விரலில் சுற்றினாள். "எங்க போனேன், எதுல ஏறினேன், எதுவும் ஞாபகமில்லைங்க. இது மட்டும் இருக்கு. 'இதோ வரேன்டி தங்கம்'னு சொன்னேன். அது கதவு வரைக்கும் கூடவே வந்துச்சு. சிரிச்சுக்கிட்டே நின்னுச்சு."

பெரிய டீச்சர் மெதுவாக எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில் செய்ய வேண்டியதையும் சொன்னார். அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அந்த வார்த்தையை என் வாயால எப்படிங்க சொல்லுவேன்? ஒரு தடவை போனவ நான். மறுபடியும் அதுகிட்ட போய், போறேன்னு சொல்லச் சொல்றீங்களே! இனிமே போகவே மாட்டேன்னு சொல்லத்தானே வாரா வாரம் அங்க வரேன்!"

பம்பரத்துக்கு அவளைத் திட்டிய திட்டெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. "வெள்ளிக்கிழமை நீங்க போகத்தானே போறீங்க? போறதைப் போறேன்னு சொன்னா அது உங்களை நம்பும்" என்றாள். அம்மா சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. தண்ணீர் தெளித்து வைத்த துணி காய்ந்துவிடும் என்று உள்ளே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை ஆபீசரம்மா சுவரோரமாக உட்கார்ந்தார். பெரிய டீச்சர் அவரிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தார். "ஒரு வார்த்தையாலயா டீச்சர் இவ்வளவும்?" என்று கேட்டாரே தவிர, கிண்டல் செய்யவில்லை. "பார்க்கலாம். எனக்கும் ஆசைதான்."

ஒரு மணி நேரமும் எப்போதும் போலப் போனது. கட்டைகள், தலைப்பு, மோந்து பார்த்தல். சமையல்கார அக்கா கதவு நிலையில் சாய்ந்து பாத்திரம் துடைக்கிற மாதிரி நடித்தாள். பம்பரத்துக்குத்தான் உடம்பெல்லாம் எறும்பு ஊர்ந்தது. எழ வேண்டும், எதையாவது எடுத்து வைக்க வேண்டும், யாருக்காவது மூக்கைத் துடைக்க வேண்டும். தன் கை இரண்டையும் தொடைக்குக் கீழே செருகி, அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

நேரம் ஆனது. அம்மா எழுந்தாள். கட்டெறும்பின் தாடை இறுகியதை எல்லோரும் பார்த்தார்கள்.

அம்மா வாய் திறந்தாள். "வ..." என்று வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஆபீசரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். அம்மா அப்படியே மண்டி போட்டு, குழந்தையின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுவந்தாள்.

"அம்மா போறேன்" என்றாள்.

சொல்லிவிட்டு, கடி எங்கே விழப் போகிறது என்பது போலக் கண்ணை மூடிக்கொண்டாள். கடி விழவில்லை.

கட்டெறும்பு எழுந்தாள். கதவோரம் செருப்புகள் கிடந்த இடத்துக்கு நடந்தாள். எல்லோருடைய செருப்பும் அங்கே ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடந்தது. அதில் தன் அம்மாவுடையதைத் தேடி எடுத்து, ஒற்றைச் செருப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து, அம்மாவின் காலடியில் போட்டாள்.

"போ" என்றாள்.

அவள் வாயிலிருந்து அந்த அறையில் கேட்ட முதல் சொல் அது. அம்மாவின் முகம் இடிந்துவிட்டது. ஆபீசரம்மா தரையைப் பார்த்தார். பெற்றவளைப் போ என்று துரத்துகிற குழந்தையை வைத்துக்கொண்டு அவர்தான் என்ன செய்வார்? பம்பரத்துக்குத் தன் நாக்கையே பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. போதாத குறைக்கு அந்த வார்த்தையைக் கொண்டுவந்து சேர்த்ததே நான்தானே!

"சரிடி, போறேன்" என்று அம்மா அந்தச் செருப்பில் காலை நுழைத்தாள்.

கட்டெறும்பு மறுபடியும் கதவோரம் போனாள். இன்னொரு செருப்பு எங்கோ அடியில் மாட்டியிருந்தது. இழுத்தாள், வரவில்லை. உட்கார்ந்து இரண்டு கையாலும் இழுத்தாள். யாரும் உதவிக்குப் போகவில்லை. பம்பரம்கூடப் போகவில்லை. ஒரு வழியாக எடுத்து வந்து கீழே வைத்தாள். ஆனால் வாரை விடவில்லை. அம்மா காலை நீட்டினாள். குழந்தை வாரைப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்தாள்.

"வா" என்றாள்.

சொல்லிவிட்டு வாரை விட்டாள்.

போ, வா. அவ்வளவுதான். போயிட்டு வா என்று வழியனுப்புகிறவர்கள் சொல்வதை அந்தக் குழந்தை எந்த வாசலில் நின்று கேட்டு வைத்திருந்ததோ, யாரும் சொல்லித் தரவில்லை. வரேன் என்று சொல்ல அந்த அறையில் ஒருவருக்கும் தைரியமில்லை. வா என்று அவளே சொல்லிவிட்டாள். அம்மா பதிலுக்கு வாயே திறக்கவில்லை, எங்கே பழைய சொல் வந்துவிடுமோ என்று பயம். தலையை மட்டும் பலமாக ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே, செருப்பு பாதி காலில் ஏறியும் ஏறாமலும் படியிறங்கிப் போனாள். பின்னால் கத்தல் இல்லை, முட்டல் இல்லை. அது அவளுக்கே நம்ப முடியவில்லை போலும், வெளி வாசலில் ஒரு தடவை நின்று காது கொடுத்துவிட்டுப் போனாள்.

கட்டெறும்பு பாய்க்கு வந்து பம்பரத்தின் காலின் மேலேயே பொத்தென்று உட்கார்ந்தாள். கால் எப்போதோ மரத்துப் போயிருந்தது. பம்பரம் அசையவில்லை.

ஆபீசரம்மா மூக்கை உறிஞ்சினார். பையைத் தோளில் மாட்டினார். "அந்தக் குடும்பத்துக்கு வேற குழந்தை பார்த்துக்கலாம். அடுத்த வாரம் அந்தம்மாவுக்கு ஒரு மணி நேரம் பத்தாது, சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டும்" என்று பெரிய டீச்சரிடம் சொன்னார். சொல்லிவிட்டு வாசல் பக்கம் திரும்பி, பழக்க தோஷத்தில், "சரி டீச்சர், அப்ப நான் வரே..." என்றார்.

"ஷ்ஷ்!" என்றார்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில்.

ஆபீசரம்மா திடுக்கிட்டு, குழந்தையைப் பார்த்து, எச்சிலை விழுங்கினார். "போறேன்" என்றார்.

கட்டெறும்பு வளையத்தைக் குச்சியில் மாட்டிக்கொண்டே, தலை நிமிராமல், "போ" என்றாள்.

அதோடு சரி. வா சொல்லவில்லை.